முந்நூறு வருடத்து ஒப்பெராவும் குலம் அண்ணையின் கூல் ரூமும்

அன்று திங்கட்கிழமை காலை, கனடாவில், செயின்ட்-மிஷேலில் நான் வேலை செய்யும் தேவாலயத்தின் வாசலில் நாற்பது சோடிச் சப்பாத்துகள் கிடந்தன. பெப்ரவரி மாதம். பனிச் சப்பாத்துகளில் இருந்து உருகிய தண்ணீர் படிகளில் வழிந்து மறுபடியும் உறைந்துகொண்டிருந்தது. கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தேன். வெள்ளைக்காரர்கள், ஆணும் பெண்ணுமாக, வெறும் காலுறையோடு பீடத்தைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். ஒருவருடைய காலுறை நிறைய அன்னாசிப்பழப் படம். இன்னொருவருடைய பெருவிரல் ஓட்டைக்குள்ளால் வெளியே வந்திருந்தது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில், ஈரச் சப்பாத்தோடு ஆட்கள் நேரே சாமிக்கு முன்னால் போய் நிற்பதைப் பார்த்து நெஞ்சு பதறியிருக்கிறேன். பிறகு அந்த ஈரத்தைத் துடைப்பதே என் உத்தியோகம் ஆகிவிட்டது. இருபத்தாறு வருடங்களுக்குப் பிறகு கடைசியில் இவர்களுக்கும் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, என் சப்பாத்தையும் கழற்றி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

காரணம் பக்தி அல்ல என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்தது. பாதிரியார் உடை மாற்றும் அறையில் மேசை முழுவதும் கறுப்பு வயர்களும் பெட்டிகளுமாக இருந்தன. அவற்றின் நடுவே, நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு சிறிய பெண்மணி ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருந்தாள். பெயர் மிரேய். வந்தவர்கள் ஒரு பழைய ஒப்பெராவை, அதாவது பாட்டு நாடகத்தை, எங்கள் தேவாலயத்தில் பதிவு செய்ய வந்த கோஷ்டி; ஒலிப்பதிவு அவளுடைய பொறுப்பு. எங்கள் பலகைத் தரையில் சப்பாத்துப் பட்டால் கிறீச்சிடும், அது மைக்கில் விழும், ஆகவே ஒருவரும் சப்பாத்துப் போடக்கூடாது. அவ்வளவுதான். என்னைக் கண்டதும் எழுந்து வந்து, மிக மரியாதையாக, என் கையில் இருந்த துடைப்பத்தை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள். "மதாம், இந்த வாரம் நீங்கள் வீட்டிலேயே ஓய்வெடுக்கலாம்" என்றாள் பிரெஞ்சில். பதினான்கு வருடமாக அந்தக் கட்டடத்தைத் திறந்து பூட்டுகிறவள் நான். எந்தக் கதவு குளிருக்கு இறுகும், எந்தக் குழாய் முனகும் என்று எனக்குத்தான் தெரியும். எங்கள் ஆட்கள், "சுகந்தி வேதக் கோயிலிலையோ வேலை செய்யுறாள்? அவள் சைவமெல்லோ?" என்று இன்னமும் கேட்பார்கள். வீட்டுக்குப் போ என்று சொன்னது அந்தக் கேள்வியை விடக் கூடுதலாகக் குத்தியது. நான் போகவில்லை. கீழே நிலவறைச் சமையலறைக்குப் போய் இஞ்சி தட்டித் தேநீர் போட ஆரம்பித்தேன்.

தேநீர் வாசம்தான் எனக்கு அந்த இசையின் கதையைக் கொண்டுவந்து தந்தது. முதல் இடைவேளையில் நோயெமி என்ற பாடகி மணம் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள். பிரான்சில் இருந்து வந்தவள், முப்பது வயது இருக்கும், கழுத்தில் மூன்று சால்வை. இஞ்சித் தேநீரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நான் விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதற்காக மெதுவாகச் சொன்னாள். முந்நூறு வருடத்துக்கு முன் பிரான்சில் ஒரு சின்னப் பட்டணத்தில் கோயில் ஓர்கன் வாசித்த ஒருவர் இந்த ஒப்பெராவை எழுதினாராம். சில தடவைதான் மேடையேறியது. பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். பிறகு அந்தக் கையெழுத்துப் பிரதி ஒரு நூலகத்தில், வேறு ஏதோ புத்தகத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டு, கிடந்த இடத்திலேயே கிடந்தது. எத்தியென் என்கிற இவர்களுடைய நெறியாளர் ஒன்பது வருடம் உட்கார்ந்து, பூச்சி அரித்த இடங்களை ஊகித்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாகப் படியெடுத்திருக்கிறார். இதுவரை ஒருவரும் பதிவு செய்ததில்லை. "நான் பாடுகிற பாட்டை இன்றைக்கு உயிரோடு இருக்கிற யாரும் கேட்டதில்லை" என்றாள் நோயெமி. அவளுக்கு அதைச் சொல்லும்போதே கண் மினுங்கியது.

கதை ஒரு தீவின் ராணியைப் பற்றியது. கணவன் கடலில் போய்த் திரும்பவில்லை. மூன்றாம் அங்கத்தில் அவள் தனியாகக் கரையில் நின்று கடலோடு பேசுகிறாள். கடலே, கொஞ்ச நேரம் பேசாமல் இரு, அவருடைய துடுப்புச் சத்தம் எனக்குக் கேட்கவேண்டும் என்கிறாள். அந்தப் பாட்டுக்கு இரண்டே இரண்டு வாத்தியங்கள்: நீண்ட கழுத்துள்ள, வீணைக்குத் தூரத்து உறவு போல ஒன்று, காலிடையில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின் போல ஒன்று. முழு ஒப்பெராவுக்கும் அதுதான் நெஞ்சு என்று நோயெமி சொன்னாள். வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு விமானம். அதற்குள் எல்லாம் முடியவேண்டும்.

செவ்வாய்க்கிழமை பிரச்சினை வந்தது. அந்தப் பாட்டைத் தொடங்கினார்கள். ஒரு நிமிடம் கூட ஆகவில்லை, உள்ளறையில் இருந்து ஒலிபெருக்கி வழியாக மிரேயின் குரல் வந்தது: நிறுத்துங்கள், ஒரு இரைச்சல். பீடத்தருகே நின்ற ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய ஹெட்போனில் மட்டும் ஒரு "ம்ம்ம்". கொஞ்ச நேரம் இருக்கும், நின்றுவிடும், நின்றுவிட்டது என்று பாடத் தொடங்கினால் மறுபடியும் வரும். சூடாக்கியை நிறுத்தினார்கள். வெளியே சைபருக்குக் கீழே பதினெட்டு. அரை மணித்தியாலத்தில் எல்லோரும் கோட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். குளிருக்கு வாத்தியங்களின் நரம்பு சுருதி கலைந்தது. இரைச்சல் மட்டும் போகவில்லை. புதன்கிழமை லைட்டுகளை அணைத்தார்கள், என் சமையலறைக் குளிர்சாதனப்பெட்டியின் வயரைப் பிடுங்கினார்கள், மாடியில் மணிக்கூட்டை நிறுத்தினார்கள். பிற்பகல் எத்தியென் முன்வரிசையில் போய் உட்கார்ந்து முகத்தை உள்ளங்கைகளால் மூடிக்கொண்டார். அந்தப் பாட்டு இல்லாமலே ஒப்பெராவை வெளியிடுவதா என்று மிரேய் தணிந்த குரலில் கேட்டாள். நோயெமி தூணுக்குப் பின்னால் நின்று மூக்கைத் துடைத்தாள். குளிராலா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை.

அந்த நேரம் எனக்கு ஒன்று தோன்றியது. ஊரில் சண்டை நடந்த வருடங்களில் எங்கள் வீட்டில் அக்காவுக்கு முன்சுவர், எனக்குப் பின்சுவர். காதைச் சுவரில் வைத்துக்கொண்டு இருப்போம். வீதியில் ஆமி ட்ரக் வருவது காற்றில் கேட்பதற்கு முன்னமே சுவரில் தெரிந்துவிடும். சத்தத்தைப் பிரித்து அறிய அப்போதுதான் பழகினேன். இது ஜெனரேட்டர், இது ஹெலி, இது தோட்டத்துத் தண்ணீர்ப் பம்பு, பயப்படத் தேவையில்லை. கனடாவுக்கு வந்தபிறகு அந்தக் காதுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை. வேலை இல்லாமல் போனதே பெரிய புண்ணியம் என்றுதான் இருந்தேன். அன்று ஒருவரிடமும் சொல்லாமல், காலுறையோடு சத்தமில்லாமல் நடந்து, மூலைமூலையாகச் சுவரில் காதை வைத்துக்கொண்டு போனேன். வடக்குச் சுவரில் ஒன்றுமில்லை. மேற்குச் சுவரில் பஸ்ஸின் அதிர்வு, வந்தது, போனது. பீடத்துக்குப் பின்னால், சுவர் வளைகிற இடத்தில் காதை வைத்தேன். கல்லுக்குள் யாரோ வாயை மூடிக்கொண்டு பாடுவது போல "ம்ம்ம்" என்று கேட்டது.

ஓடிப்போய் எத்தியெனிடம் சொன்னேன். என் பிரெஞ்சு அரசாங்கம் நடத்திய வகுப்பில் படித்த பிரெஞ்சு. அந்த மொழியில் ஒவ்வொரு பொருளும் ஒன்றில் ஆண், அல்லது பெண். சுவர் எது என்று எனக்கு ஒருநாளும் ஞாபகம் நிற்பதில்லை. மகள் திருத்தித் திருத்திக் களைத்துவிட்டாள். சுவருக்கு அவர்கள் சொல்லும் சொல்லில் வருகிற உகரமும் எங்கள் வாயில் நுழையாது. "மிஸ்யூ, அந்த இரைச்சல்... ஸெ ல மூர்!" என்றேன்.

எத்தியென் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. "ஓம் மதாம்" என்பது போல மெதுவாகத் தலையாட்டினார். "நீங்கள் சொல்வது சரி. எல்லாமே அதுதான்."

"இல்லை, இல்லை. ல மூர்! பின்னால்! அதில் இருந்துதான் சத்தம் வருகிறது!"

அவர் என் கையை எடுத்து இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டு, "நன்றி மதாம்" என்றார். நோயெமி என்னைக் கட்டிப்பிடித்தாள். என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: பிரெஞ்சில் 'லமூர்' என்றால் காதல்; நான் சுவர் என்று சொன்னது அவர்களுடைய காதில் காதல் என்று விழுந்திருக்கிறது. இரைச்சலுக்குக் காரணம் காதல் என்று கூட்டுகிற பெண் வந்து ஆறுதல் சொல்கிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் மிரேயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பீடத்துக்குப் பின்னால் போய், அவளுடைய ஹெட்போனைக் கழற்றி, தலையைப் பிடித்துச் சுவரோடு வைத்தேன். மூன்று விநாடி. அவளுடைய வாய் திறந்தது. "ஆ, லு முயூர்!" என்று கத்தினாள். "சுவர்! சுவர் என்கிறாள்! காதல் இல்லை, சுவர்!" இரண்டு நாளாகச் சிரிக்க மறந்திருந்த நாற்பது பேரும் சிரித்த சிரிப்பில் மேலே கண்ணாடி ஜன்னல் அதிர்ந்தது. எத்தியென் சிரித்துச் சிரித்து, பியானோ போன்ற ஹார்ப்சிகோர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தேவாலயத்தோடு ஒட்டியிருந்த பழைய பங்கு மண்டபத்தை விற்றுவிட்டார்கள். இப்போது அது குலம் அண்ணையின் பலசரக்குக் கடை. மயிலிட்டிக் கடற்கரைக்காரர். அரிசி மாவில் இருந்து முருங்கைக்காய் வரை அங்கேதான் வாங்குவோம். மீன் வைக்கிற அவருடைய கூல் ரூம் எங்கள் பீடத்தின் முதுகோடு ஒட்டியிருக்கிறது. ஞாயிறு பூசையில் ஹெயிட்டிப் பெண்கள் பாடுகிற பாட்டில் அதன் கொம்பிரசர் இரைவது யாருக்குக் கேட்கப்போகிறது? வியாழக்கிழமை கடை திறந்ததும் போய் நின்றேன்.

"அண்ணை, உங்கட கூல் ரூமை ஒரு மூண்டு மணித்தியாலம் நிப்பாட்ட வேணும்."

"என்ன தங்கச்சி, விடியவே பகிடி விடுறீர்? உள்ளுக்கை முழுக்க மீன். முந்தநாள்தான் வந்து இறங்கினது."

"பக்கத்திலை ஒரு பிள்ளை பாடுறாள் அண்ணை. உங்கட மோட்டர் இரையிறது அவையின்ரை மைக்கிலை விழுகுது."

"அதுக்கென்ன, கொஞ்சம் சத்தமாப் பாடச் சொல்லும்."

"அது சத்தமாப் பாடுற பாட்டில்லை. கடலைப் பேசாமல் இரு எண்டு சொல்லுற பாட்டு."

அவர் கல்லாவில் இருந்து தலையைத் தூக்கினார். "கடலை ஏன் பேசாமல் இருக்கச் சொல்லுறாள்?"

"புருசன் கடலிலை போனவர், இன்னும் வரேல்லை. துடுப்புச் சத்தம் கேக்குதோ எண்டு நிண்டு பாக்கிறாள்."

குலம் அண்ணை கல்லாவைத் தள்ளி மூடினார். பிறகு, "எங்கட அம்மாவும் உப்பிடித்தான்," என்றார். "காத்தடிக்கிற நாளிலை ஒருத்தரையும் வாய் திறக்க விடா. அப்பாவின்ரை போட் மோட்டர் தூரத்திலை கேட்டாப் பிறகுதான் அடுப்பை மூட்டுவா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நிப்பாட்டுறன். ஆனா மீனை என்ன செய்யிறது?"

நான் ஜன்னலைக் காட்டினேன். கடைக்குப் பின்னால் இடுப்பளவு பனி. சைபருக்குக் கீழே பதினெட்டு.

அவர் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். "இருபத்தெட்டு வருசமா இந்தக் குளிரைத் திட்டித் தீர்த்தன். இண்டைக்குத்தான் அதாலை எனக்கு ஒரு பிரயோசனம்."

எத்தியென் முதலில் வந்தார், பிறகு கோரஸ்காரர்கள் எல்லோரும். கூல் ரூமில் இருந்து பின்முற்றம் வரை வரிசையாக நின்று, விளைமீன் பெட்டியும் பாரைப் பெட்டியும் கைமாறிக் கைமாறிப் போயின. ஒவ்வொரு பெட்டியையும் வாங்கும்போது, "இது என்ன?" என்று கேட்டுக் கேட்டு, வாயில் நுழையாத பெயர்களை அவர்கள் மெட்டுப் போட்டுப் பாடத் தொடங்கிவிட்டார்கள். "அ-ற-க்-கு-ளா" என்று நான்கு குரலில் எழும்பியபோது தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மேளக்காரருக்கு அந்தப் பாட்டில் வேலை இல்லை. அணில்களிடம் இருந்து மீனைக் காப்பாற்றும் பொறுப்பு அவருக்கு. ஒரு தடியோடு பனிக்குவியலுக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றார்.

பகல் ஒரு மணிக்கு குலம் அண்ணை சுவிட்சை நிறுத்தினார். நான் சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். கல் வெறும் கல்லாக இருந்தது. மிரேய் என்னைப் பார்த்துப் பெருவிரலை உயர்த்தினாள். வீட்டுக்குப் போகச் சொன்னவள், மூன்றாம் வரிசையில் ஓர் இடத்தைக் காட்டி, "இங்கே இருங்கள் மதாம். மூச்சு விடலாம், அவ்வளவுதான்" என்றாள்.

பதிவு தொடங்கிவிட்டது என்று காட்டும் சிவப்பு லைட் எரிவதற்கு ஒரு விநாடி முன்னால் பக்கக் கதவு திறந்தது. பெட்டி ஒன்று உடைந்துவிட்டதாம். சமையலறைப் பிறீசரில் வைக்கலாம் என்று ஒரு முழு அறக்குளா மீனைக் கையில் ஏந்திக்கொண்டு குலம் அண்ணை உள்ளே வந்துவிட்டார். லைட் எரிந்தது. அவர் கால் தூக்கிய இடத்திலேயே நின்றார். நல்லவேளை, சப்பாத்தைக் கழற்றியிருந்தார். திரும்பிப் போகவும் முடியாது, முன்னால் வரவும் முடியாது. நோயெமி பாடத் தொடங்கினாள்.

அந்தப் பாட்டை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதலில் அந்த நீண்ட கழுத்து வாத்தியம் இரண்டு சொட்டு விழுந்தது போல ஒலித்தது. பிறகு குரல். பாடுகிறாள் என்று சொல்லமுடியாது. ஒருவரை எழுப்பாமல் பக்கத்தில் போய் உட்காருவது போல அது வந்தது. ஒரு சுரத்தில் நின்று, அதை மெல்ல நடுங்கவிட்டு, கீழே இறக்கினாள். இடையிடையே பாட்டு நின்றுவிடும். அவள் காது கொடுத்துக் கேட்கிறாள். நாங்களும் கேட்டோம். துடுப்புச் சத்தம் வரவில்லை. மறுபடியும் பாடுவாள். நான் சின்ன வயதில் பழகிய அமைதி வேறு. ஒரு வீட்டில் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. இங்கே நாற்பது பேர், ஒருவரும் அசையவில்லை, ஒருவருக்கும் பயமில்லை. ஒரு பெண் பாடுவது கெட்டுப்போகக்கூடாது என்பதற்காக மட்டும் அத்தனை பேரும் அமைதியாக இருந்தார்கள். ஐம்பத்துமூன்று வயதில் இப்படி ஒரு அமைதிக்குள் முதன்முதல் உட்கார்ந்திருந்தேன். சந்தோஷம்தான். விம்மினால் மைக்கில் விழும் என்று சேலைத் தலைப்பைத் தேடினேன். போட்டிருந்தது குளிர்ச் சட்டை. கையுறையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன். பக்கவாட்டில் பார்த்தால், குலம் அண்ணை மீன் உருகித் தரையில் சொட்டிவிடும் என்று பயந்து, அறக்குளாவைத் தன் கோட்டுக்குள் வைத்து, பச்சைக் குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைக்க அவருக்குக் கை இல்லை.

ஏழு நிமிடம். கடைசிச் சுரம் கூரைக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்து, கரைந்தது. ஒலிபெருக்கியில் மிரேயின் குரல் வந்தது. வழக்கமாகக் கண்டிப்பான குரல், அன்று கரகரத்தது. கிடைத்துவிட்டது, அவ்வளவுதான் சொன்னாள். எத்தியென் எழுந்து, ஒருவரையும் பார்க்காமல் நேரே போய், மீனோடு நின்ற குலம் அண்ணையைக் கட்டிப்பிடித்தார். "அண்ணை, மீன் நசியப் போகுது" என்று நான் தமிழில் கத்தினேன். பிறகு நாற்பது பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். அந்தக் கோட்டில் மார்ச் மாதம் வரை மீன் வாடை போகவில்லை என்று அவருடைய மனைவி என்னிடம் முறைப்பாடு சொன்னார். அறக்குளாவை அன்றே நிலவறையில் குழம்பு வைத்தேன். உறைப்பில் நோயெமிக்குக் கண்ணீர் வந்தது. இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை விமானத்தில் போகும்போது ஒரு போத்தல் மிளகாய்த் தூளும் அவளோடு போனது.

ஜூன் மாதம் பதிவு வெளியானது. மகள் அதைத் தன் போனில் ஏற்றித் தந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாம் மாடி பல்கனியில் கோப்பியோடு இருந்துகொண்டு ஊரில், கொக்குவிலில் இருக்கும் அக்காவை அழைத்தேன். அங்கே பின்னேரம் ஐந்து மணி. மகளின் போனில் பாட்டைப் போட்டு, என் போனுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உது ஆர் பாடுறது?" என்றாள் அக்கா.

"எங்கட கோயிலிலை பாடினது. கேள்."

அவள் தன் போனை ஸ்பீக்கரில் போட்டு மதிலின் மேல் வைத்தாள். மிரேய் ஒவ்வொரு இரைச்சலாகத் தேடித் தேடி நிறுத்திய அந்தப் பாட்டு, கொக்குவிலுக்குப் போய், அரை விநாடி பிந்தி, எனக்கே திரும்பி வந்தது. இப்போது அதற்குள் காகங்கள் இருந்தன. சைக்கிள் மணி இருந்தது. யாரோ வாளியை நிலத்தில் வைத்தார்கள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள் அக்கா. "ஏன் இடைக்கிடை நிப்பாட்டுறாள், சுகமில்லையோ?" நான் பதில் சொல்வதற்குள், ஒழுங்கை முனையில் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோவின் மெட்டு, ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டு, நெருங்கி வந்தது. "நில், பாண் வாங்கிக்கொண்டு வாறன்" என்று அக்கா போனை மதிலில் விட்டுவிட்டுப் போனாள்.

செயின்ட்-மிஷேலில் ராணி கடலைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். அரை விநாடி கழித்துக் கொக்குவிலிலும் சொன்னாள். அங்கே பாண் ஓட்டோவின் மெட்டு நிற்கவில்லை, காகம் நிற்கவில்லை, அக்கா யாரோடோ சில்லறைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இரண்டு போனையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒன்றின் சத்தத்தையும் குறைக்காமல் இருந்தேன்.